அமெரிக்கக் கவுண்டி கோர்ட்டில் பழைய கேஸ் ஆவணத்தைத் தேடி எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். 2013இல் டெக்சஸில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கடையில் பில் போடாத பொருளோடு வெளியே வந்ததாக உங்கள் மேல் திருட்டு வழக்குப் போட்டார்கள். போலீஸ் அழைத்துப் போய்க் கைரேகை எடுத்துவிட்டு அன்றே விட்டுவிட்டது. இரண்டு தடவை கோர்ட்டுக்குப் போனீர்கள், ஒரு வகுப்பில் உட்கார்ந்து அதன் சான்றிதழைக் கொடுத்தீர்கள், 'கேஸ் டிஸ்மிஸ் ஆகிவிட்டது' என்று வக்கீல் சொன்னார், அதோடு அதை மறந்துவிட்டீர்கள். இப்போது நியூ ஜெர்சியில் குடும்பத்தோடு இருக்கிறீர்கள். குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போட வேண்டும். அதற்குக் கோர்ட் சான்றளித்த டிஸ்போசிஷன், அதாவது வழக்கு எப்படி முடிந்தது என்று காட்டும் தாள், தேவைப்படுகிறது. கேஸ் நம்பர்கூட உங்களிடம் இல்லை. கவுண்டி கோர்ட் ரெக்கார்டு என்று தேடினால் 30 டாலர் கட்டச் சொல்லும் தளங்கள்தான் வரிசையாக வருகின்றன. கட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

கட்ட வேண்டாம். அவர்கள் தருவது எங்கெங்கிருந்தோ திரட்டி வைத்த தகவலின் அச்சுதான். குடியேற்றத் துறைக்கு வேண்டியது கோர்ட் கிளார்க்கின், அதாவது கோர்ட் ஆவணங்களுக்குப் பொறுப்பான அதிகாரியின், முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாள். அந்தத் தாள் எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அவர்களிடம் என்ன பெயர் சொல்லி எதைக் கேட்பது என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி. நான் பதினான்கு வருடம் டாலஸ் பக்கம் ஒரு சட்ட அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வக்கீலுக்கு உதவியாளராக, வேலை பார்த்தேன். அதில் பாதி நாள் கிளார்க் கவுன்ட்டர்களில் நின்று ஆவணம் வாங்கியதில் போனது. நான் வக்கீல் இல்லை. ஆவணத்தைக் கண்டுபிடித்து வாங்குவதுவரை உறுதியாகச் சொல்வேன். அதில் எழுதியிருப்பது உங்கள் குடியுரிமையை என்ன செய்யும் என்பதை ஒரு குடியேற்ற வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். அமெரிக்கா முழுவதற்குமான ஒரே கோர்ட் தளம் என்று எதுவும் கிடையாது. நம் ஊரில் மாவட்டம் போல இங்கே 3,100க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. டெக்சஸில் மட்டும் 254, டெலவேரில் மூன்றே மூன்று. இந்தக் கோர்ட்டுகள் மாநிலச் சட்டத்தின் கீழ் நடப்பவை; ஒவ்வொரு மாநிலமும், பல இடங்களில் ஒவ்வொரு கவுண்டியும், தன் வசதிப்படி ஒரு முறையை வைத்திருக்கிறது. 'பேசர்' என்று ஒரு அரசுத் தளம் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது மத்தியக் கோர்ட்டுகளுக்கு மட்டும். திவால் வழக்கு, மத்தியச் சட்டப்படியான குற்ற வழக்கு இவற்றுக்கு அது நல்ல தளம். பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் பயன்படுத்தினால் அதுவும் இல்லை. ஆனால் கடைத் திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறு எதுவும் அங்கே இருக்காது. அதேபோல 'தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போடு' என்பார்கள். ஃபோயா எனப்படும் அந்த மத்தியச் சட்டம் அரசு நிர்வாகத் துறைகளுக்கானது, கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. கோர்ட் ஆவணத்தைப் பார்க்கும் உரிமை அதைவிடப் பழையது. பொதுமக்கள் கோர்ட் ஆவணங்களைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம் என்ற பொது உரிமையை 1978இல் நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அது எல்லையற்ற உரிமை இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. எனவே பொதுவாகத் திறந்திருக்கும் வழக்குக்கு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த கவுன்ட்டருக்குத் தினமும் உங்களைப் போல எத்தனையோ பேர் வருகிறார்கள்.

இப்போது கவுண்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்மவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் நாம் ஊர்ப் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். ஊர் வேறு, கவுண்டி வேறு. நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஃப்ரிஸ்கோ, காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டிகளில் பரவியிருக்கிறது. டாலஸ் நகரமே ஐந்து கவுண்டிகளைத் தொடுகிறது. சிகாகோ பக்கத்து நேப்பர்வில்லும் டூபேஜ், வில் என்று இரண்டாகக் கிடக்கிறது. தபால் முகவரியில் ஒரு ஊர் பெயர் இருப்பதால் அந்த இடம் அந்த ஊரின் எல்லைக்குள் இருக்கிறது என்றும் ஆகாது. அதனால் நீங்கள் அப்போது எங்கே குடியிருந்தீர்கள் என்பதை விட்டுவிட்டு, சம்பவம் நடந்த கடையின் சரியான முகவரியை எடுங்கள். அது எந்தக் கவுண்டி, எந்த நகராட்சி எல்லை என்று அந்தக் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலக வரைபடத்தில் பார்த்துவிடலாம். பழைய மின்னஞ்சலில் அந்த வக்கீலுக்குப் பணம் கட்டிய ரசீது, கோர்ட் தேதி அனுப்பிய கடிதம் ஏதாவது கிடக்கிறதா என்றும் தேடுங்கள். ஒரே ஒரு ரசீதில் கேஸ் நம்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த வக்கீல் இன்னும் தொழிலில் இருந்தால் அவர் அலுவலகத்துக்கும் ஒரு போன் போடுங்கள்.

எதுவுமே கிடைக்கவில்லை என்றால் எஃப்.பி.ஐ.யிடம் உங்கள் சொந்தப் பதிவைக் கேட்கலாம். கைரேகை கொடுத்து 18 டாலர் கட்டினால், உங்கள் பெயரில் எந்தத் தேதியில் எந்தக் காவல் துறை கைரேகை பதிந்தது என்ற பட்டியல் வரும். உங்களுக்குக் கைரேகை எடுத்திருக்கிறார்கள் என்பதால் இது உதவ வாய்ப்பு அதிகம். அதில் முடிவு என்ற இடம் காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். காவல் துறை கைது விவரத்தை அனுப்பியிருக்கும், கோர்ட் முடிவு அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. இது மிகச் சாதாரணமாக நடப்பது. குடியேற்றத் துறையும் உங்கள் கைரேகையை வைத்து இதே பதிவைப் பார்க்கும் என்பதால், அவர்கள் பார்ப்பதை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

கவுண்டி தெரிந்த பிறகு, அதற்குள் எந்தக் கோர்ட் என்ற கேள்வி. 'கவுண்டி கோர்ட்' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஒரே கவுண்டிக்குள் நாலைந்து வகைக் கோர்ட்டுகள், தனித்தனி கிளார்க்குகள். டெக்சஸில் உங்கள் வழக்கு எங்கே போனது என்பதை அந்தப் பொருளின் விலையே தீர்மானித்திருக்கும். 2015 செப்டம்பருக்கு முன் இருந்த சட்டப்படி 50 டாலருக்குக் குறைவான திருட்டு 'கிளாஸ் சி', அதாவது மிகச் சிறிய குற்ற வகை. அது நகராட்சிக் கோர்ட்டுக்கோ, ஜே.பி. என்று சொல்லும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டுக்கோ போகும். 50 டாலரிலிருந்து 500 டாலருக்குள் என்றால் 'கிளாஸ் பி'. அதற்கு மேல் 1,500 டாலருக்குள் 'கிளாஸ் ஏ'. இவை இரண்டும் கவுண்டி கோர்ட்டில் நடக்கும், ஆவணம் பெரும்பாலும் கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். பெரிய குற்றங்களும் விவாகரத்தும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கு, அந்த ஆவணங்கள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். இதற்கும் விலக்கு உண்டு: ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் சிறு குற்ற வழக்குகளையும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்தான் வைத்திருக்கிறார். நீங்கள் இரண்டு தடவை கோர்ட்டுக்குப் போனதையும் வகுப்பில் உட்கார்ந்ததையும் வைத்துப் பார்த்தால் கிளாஸ் சியாகவும் இருக்கலாம், கிளாஸ் பியாகவும் இருக்கலாம். கைரேகை எடுத்ததால் பி என்று நினைக்கத் தோன்றுகிறது, ஆனால் அதை மட்டும் வைத்து நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

வேறு மாநிலத்தில் இதே நிலையில் இருப்பவர்களுக்காக ஒரு சில வரி. நியூயார்க்கில் 'சுப்ரீம் கோர்ட்' என்றால் மேல்முறையீட்டுக்கான உச்ச நீதிமன்றம் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே அது விசாரணை நடக்கும் கோர்ட். பென்சில்வேனியாவில் சிவில் வழக்கு ஆவணம் வைத்திருப்பவருக்குப் புரோதோனோட்டரி என்று பெயர், குற்ற வழக்குக்குத் தனி கிளார்க். லூயிசியானாவில் கவுண்டிக்குப் பதில் பாரிஷ். விர்ஜினியாவில் சில நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராமல் தனியாக நிற்கும். கனெக்டிகட் 1960லேயே கவுண்டி நிர்வாகத்தைக் கலைத்துவிட்டது, அங்கே எல்லாம் ஜுடிஷியல் பிராஞ்ச் எனப்படும் மாநில நீதித்துறைதான். எந்த மாநிலமாக இருந்தாலும் அந்த மாநிலக் கோர்ட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள். கூகிள் விடையின் மேல்பகுதியில் வருபவை பெரும்பாலும் விளம்பரம்.

இணையத்தில் தேடுவது எவ்வளவு தூரம் உதவும் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. விஸ்கான்சின், மேரிலாண்ட், மிசூரி, இந்தியானா, பென்சில்வேனியா போன்ற இடங்களில் மாநிலம் முழுவதற்கும் இலவசத் தேடல் இருக்கிறது, பெயரைப் போட்டால் வழக்கின் போக்கு வந்துவிடும். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிக்கும் தனித்தனித் தளம். அதோடு குற்ற வழக்கு, குடும்ப வழக்குகளின் உள்ளே இருக்கும் தாள்களை வீட்டிலிருந்தபடி பார்க்க அந்த மாநிலக் கோர்ட் விதி பொதுவாக இடம் தராது. கோர்ட்டுக்கே போய் அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். டெக்சஸில் பெரிய கவுண்டிகள் எல்லாவற்றுக்கும் நல்ல தேடுதளம் இருக்கிறது. மாநில அளவில் ஒரு தளம் இருந்தாலும், உங்களுடையது போன்ற பழைய சிறு குற்ற வழக்குக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்; கவுண்டியின் தளத்துக்கே நேராகப் போங்கள்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்களின் வழக்குகள் காணாமல் போவதற்கு நான் பார்த்ததில் முதல் காரணம் இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. செந்தில்குமார் என்பவரின் அப்பா பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் ராமசாமி போட்டிருந்தால் கோர்ட் பதிவில் அவர் ராமசாமி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே இல்லாமல் ஒரே பெயர் இருந்தால், விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயராக ஏறி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று விழும், 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. டிரைவிங் லைசென்சும் அதைப் பார்த்து எழுதப்படும், போலீஸ்காரர் லைசென்சைப் பார்த்து எழுதுவார், கோர்ட் கிளார்க் போலீஸ் தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். இடையில் செந்திலும் குமாரும் பிரியலாம், குமார் மட்டும் கடைசிப் பெயராகலாம், நீளமான பெயரின் கடைசி எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்காமல் வெட்டுப்படலாம். பல தளங்களில் பிறந்த தேதியை வைத்துத் தேட முடியாது, பெயர் ஒன்றுதான் வழி.

என் வேலையின் மூன்றாவது வருடம் இது எனக்கு உறைத்தது. ஒருவரின் பழைய வழக்கைக் கவுண்டித் தளத்தில் தேடினேன், 'பதிவு ஏதும் இல்லை' என்று வந்தது, அதையே வக்கீலிடம் சொல்லிவிட்டேன். குடியேற்றத் துறை நேர்காணலில் அதிகாரி அந்தக் கைதைத் தேதியோடு சொல்லிக் கேட்டார். நான் திரும்பப் போய் கவுன்ட்டரில் நின்றேன். அங்கிருந்த அம்மா, பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார், வரவில்லை, எஃப்.என்.யூ. என்று முதல் பெயர் போட்டதும் வந்தது. அந்தக் குடும்பம் அதனால் எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாளில் எல்லாச் சேர்க்கைகளையும் எழுதிக்கொண்டுதான் தேட ஆரம்பிப்பேன்: முன்பின் மாற்றி, பிரித்து, சேர்த்து, எஃப்.என்.யூ. போட்டு, அன்றைய லைசென்சில் இருந்த அதே எழுத்துக்கூட்டலில், கடைசிப் பெயரின் முதல் நாலு எழுத்தை மட்டும் போட்டு. உங்களிடம் 2013ஆம் வருடத்து லைசென்சின் நகல் இருந்தால் அதுதான் உங்களுக்குச் சாவி. தளத்தில் வரவில்லை என்பதை வழக்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

வழக்கு கண்ணில் பட்டதும் திரையில் தெரிவதை அச்செடுத்து அனுப்பிவிடாதீர்கள். திரையில் தெரிவது டாக்கெட், அதாவது எந்தத் தேதியில் என்ன நடந்தது என்ற வரிசை. அதற்குப் பின்னால் இருக்கும் தாள்கள்தான் கேஸ் ஃபைல். உங்களுக்கு வேண்டியவை: குற்றச்சாட்டு எழுதப்பட்ட தாள் (டெக்சஸ் கவுண்டி கோர்ட்டில் கம்ப்ளெயின்ட், இன்ஃபர்மேஷன் என்று இரண்டு இருக்கும்), நீங்கள் ஒப்புக்கொண்டதாகவோ மறுத்ததாகவோ கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் அது, நீதிபதி போட்ட நிபந்தனைகள், கடைசியாக டிஸ்மிஸ் உத்தரவு. இந்த எல்லாவற்றின் சான்றிட்ட நகலையும் கேளுங்கள். டிஸ்மிஸ் உத்தரவு ஒன்று போதும் என்று கவுன்ட்டரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு சொல்லலாம். உங்கள் விஷயத்தில் போதாமல் போக வாய்ப்பு இருக்கிறது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கேட்கும் முறை எளிது. கிளார்க் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். 'குற்ற வழக்கு ஆவணப் பிரிவு வேண்டும், என் சொந்த வழக்கின் சான்றிட்ட நகல் வேண்டும், நான் வேறு மாநிலத்தில் இருக்கிறேன், தபாலில் வாங்க என்ன அனுப்ப வேண்டும்' என்று கேளுங்கள். பெயரின் எல்லா வடிவங்களையும், பிறந்த தேதியையும், தோராயமான மாதத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 'எனக்கு எந்தத் தாள் தேவைப்படும், இது என் விண்ணப்பத்தைப் பாதிக்குமா' என்று கேட்டால் பதில் வராது. சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. தாளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். பெரும்பாலும் ஒரு கோரிக்கைக் கடிதம், அடையாள அட்டையின் நகல், கட்டணம், உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கவர் இவ்வளவுதான். பர்சனல் செக் வாங்காத அலுவலகங்கள் உண்டு, மணி ஆர்டர் பத்திரமானது. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஃபுளோரிடாவில் பக்கத்துக்கு 1 டாலரும் சான்றுக்கு 2 டாலரும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பக்கத்துக்கு 50 சென்ட்தான், ஆனால் சான்றுக்கு மட்டும் 40 டாலர் வரை போகும். அதனால் எவ்வளவு என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். இரண்டு செட் வாங்குங்கள், ஒன்றை வீட்டிலேயே வைத்திருங்கள். வந்த நகலின் ஸ்டேப்பிளைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஸ்கேன் செய்வதற்காகப் பிரித்துவிட்டு, தாள் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகத்துக்கு ஆளானவர்களைப் பார்த்திருக்கிறேன். மடித்துப் பிடித்தபடியே ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

சில சமயம் கிளார்க்கே 'இல்லை' என்பார். அதற்குப் பல பொருள் உண்டு. வேறு கோர்ட்டாக இருக்கலாம், ஜே.பி. கோர்ட்டில் இல்லாதது நகராட்சிக் கோர்ட்டில் இருக்கும். பழைய ஃபைல் வேறு கிடங்குக்கோ மைக்ரோஃபிலிமுக்கோ போயிருக்கலாம், ஒரு வாரம் கழித்து வரும். சிறு வழக்குகளின் தாள்களைக் குறிப்பிட்ட வருடங்களுக்குப் பிறகு அழித்துவிட விதி அனுமதிப்பதால் அழித்தும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் 'இந்தப் பெயர், இந்தப் பிறந்த தேதி, இந்த வருடங்களில் தேடினோம், பதிவு இல்லை' அல்லது 'அழிக்கப்பட்டுவிட்டது' என்று முத்திரையோடு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அதைத் தருவது அவர்களுக்குப் பழக்கமான வேலை. வழக்கே பதிவாகாமல் கைதோடு நின்றுபோயிருந்தால் அந்தக் காவல் துறையிடமிருந்து அதே மாதிரி கடிதம் வேண்டும்.

யாருக்கும் காட்டாமல் மூடி வைக்கும் வழக்குகளும் உண்டு. சிறார் வழக்கு, தத்தெடுப்பு, மனநல மருத்துவமனை உத்தரவு போன்றவை பெரும்பாலும் மூடியவை. முடிந்த வழக்குகளையும் மூட வழி உண்டு. பென்சில்வேனியா 2018இல் சட்டம் போட்டு 2019இலிருந்து தகுதியான பழைய வழக்குகளைத் தானாகவே மூட ஆரம்பித்தது, பிறகு பல மாநிலங்கள் அதைத் தொடர்ந்தன. டெக்சஸில் இரண்டு வகை. 'நான்டிஸ்க்ளோஷர்' என்றால் பொதுமக்களுக்கு மறைப்பார்கள், ஃபைல் இருக்கும். 'எக்ஸ்பங்ஷன்' என்றால் ஃபைலையே அழிக்க உத்தரவு. இங்கே ஒரு வேண்டுகோள், உங்களுக்கும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும்: எக்ஸ்பங்ஷனுக்கு மனுப் போடுவதற்கு முன் எல்லாத் தாளுக்கும் சான்றிட்ட நகல் எடுத்துவிடுங்கள். அழித்த வழக்கையும் குடியுரிமை விண்ணப்பத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும், படிவம் அதைத் தெளிவாகக் கேட்கிறது. கோர்ட்டோ 'அப்படி ஒன்று எங்களிடம் இல்லை' என்று சொல்லிவிடும். கைரேகைப் பதிவில் கைது இருக்கும், அது எப்படி முடிந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. வேலைக்கு இடைஞ்சல் என்று அவசரப்பட்டு அழித்துவிட்டு, பத்து வருடம் கழித்து அழுதவர்கள் இருக்கிறார்கள்.

டிஸ்மிஸ் உத்தரவு மட்டும் ஏன் போதாமல் போகலாம் என்பதற்கு இப்போது வருகிறேன். டெக்சஸ் சட்டத்தில் டிஸ்மிஸ் ஆன வழக்கு, குடியேற்றச் சட்டத்தில் தண்டனையாகக் கணக்காகலாம். 1996இல் மத்திய அரசு கொண்டுவந்த வரையறைப்படி, நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டோ 'எதிர்த்து வாதாடவில்லை' என்று சொல்லியோ இருந்து, நீதிபதி அபராதம், கண்காணிப்பு, வகுப்பு என்று ஏதாவது விதித்திருந்தால், பின்னால் வழக்கைத் தள்ளுபடி செய்திருந்தாலும் அது தண்டனைதான். 'டெஃபர்டு அட்ஜுடிகேஷன்', அதாவது தீர்ப்பைத் தள்ளிவைத்து நிபந்தனைகள் போடுவது, பெரும்பாலும் இந்த வலைக்குள் விழும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அரசு வழக்கறிஞர் அலுவலகத்தோடு ஒப்பந்தம் போட்டு வகுப்பை முடித்திருந்தால் நிலைமை வேறு, பொதுவாக அது தண்டனை ஆகாது. நீங்கள் சொன்ன விவரத்தில் இந்த இரண்டில் எது நடந்தது என்று தெரியவில்லை, உங்களுக்கும் நினைவில்லாமல் இருப்பது இயல்பு. அதைச் சொல்லக்கூடியது நீங்கள் அன்று கையெழுத்துப் போட்ட தாள் மட்டும்தான். அதனால்தான் முழு ஃபைலையும் வாங்கச் சொன்னேன். என்-400ஐ அனுப்புவதற்கு முன் அந்தத் தாள்களோடு ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். இந்த ஒரு இடத்தில் பணத்தைப் பார்க்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டுப் பழைய ஸ்பீடிங் டிக்கெட்டுக்கெல்லாம் யாரும் பதற வேண்டாம். மது, போதைப்பொருள் சம்பந்தமில்லாமல், கைது இல்லாமல், 500 டாலருக்குக் குறைவான அபராதமோ லைசென்ஸ் பாயின்ட்டோ மட்டும் விழுந்த டிக்கெட்டுக்கு ஆவணம் இணைக்கத் தேவையில்லை என்று என்-400 குறிப்பு பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கும் குறிப்பை ஒரு தடவை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், இங்கே கீழே ஒருவர் அமெரிக்க விவாகரத்து டிக்ரியை இந்தியாவில் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆவணத்தைத் தேடும் வழி இதேதான், டெக்சஸ் என்றால் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். சான்றிட்ட நகல் வாங்கிய பிறகு அந்த மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு சர்வதேச ஒப்பந்தப்படி, ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று அது. 2005இலிருந்து இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. டிக்ரி இந்தியாவில் செல்லுமா என்பது தனிக் கேள்வி, அதை அங்கே உள்ள வக்கீலிடம் கேளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடை முகவரியை வைத்துக் கவுண்டியையும் நகராட்சியையும் இன்றைக்கே பாருங்கள். பெயர்ச் சேர்க்கைகளை எழுதிக்கொண்டு கவுண்டித் தளத்தில் தேடுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை காலை கவுண்டி கிளார்க்குக்கும், பிறகு அந்த ஊர் நகராட்சிக் கோர்ட்டுக்கும் போன் செய்யுங்கள். டெக்சஸின் பெரும்பகுதி உங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால் உங்கள் பத்து மணிக்குக் கூப்பிட்டால் சரியாக இருக்கும். எங்காவது தடைப்பட்டால் கவுண்டியின் பெயரையும் அவர்கள் சொன்ன பதிலையும் மட்டும் இங்கே எழுதுங்கள், அடுத்து யாரைக் கேட்பது என்று சொல்கிறேன். உங்கள் பெயர், பிறந்த தேதி, கேஸ் நம்பர் எதையும் பொதுவில் போட வேண்டாம்.